குட்டி யானைக்குப் பத்து மூட்டை, அறுபது லட்ச வண்டிக்கு எட்டு மூட்டை

தை அறுவடை முடிந்த நேரம். அரியாங்குப்பம் உழவர் உதவியகத்தில் உளுந்து விதை கேட்டு வந்தவர்கள் எல்லாம் போன பிறகும், தவளக்குப்பம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயியும் அவருடைய மகனும் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

"இன்னாண்ணே, விதை வாங்கலையா?" என்றேன்.

"விதைக்கு வரல சார். இவன் ஒரு வண்டி வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாழை ஏத்தலாம், நெல்லு ஏத்தலாம், டிரெய்லரும் இழுக்கலாம்னு சொல்றான். நாலு சக்கரமும் இழுக்குற வண்டியாம். நீங்களே கேளுங்க."

மகன் கைப்பேசியை என் மேஜையில் வைத்தான். ஒரு பெரிய டபுள் கேபின் பிக்கப் மணல்மேட்டில் பாய்ந்து, பறந்து, இறங்குகிறது. பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. "சார், இதுல ஏறாத பாரம் இல்ல" என்றான். நம் ஊரில் கிடைக்கும் அந்த வகை வண்டிக்கு முப்பது லட்சம் வரை ஆகும் என்றும், முன்பணத்துக்கு ரோட்டோர மனை ஒன்றை விற்கலாம் என்றும் சொன்னான். மனை என்றதும்தான் அப்பா நிமிர்ந்தார்.

அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அதே கேள்வியை இந்த இதழுக்கும் மூன்று வாசகர்கள் வேறு வேறு விதமாக எழுதிக் கேட்டிருப்பதால், அன்று பேசியதை விரிவாக எழுதுகிறேன். நான் படித்தது வேளாண்மை. மெக்கானிக் இல்லை. ஆனால் முப்பது வருஷமாக விளைச்சல் வயலை விட்டு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள்

வண்டி எவ்வளவு ஏற்றும் என்று கேட்டால், குதிரைத் திறன் எவ்வளவு என்று பதில் சொல்வது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. குதிரைத் திறன் வண்டியை ஓட்டுவதற்கு. பாரத்தைத் தாங்குவது எஞ்சின் இல்லை. அச்சு, பட்டை, சக்கர பேரிங், டயர், சட்டம் ஆகிய ஐந்தும்தான் தாங்குகின்றன. தாங்கியதை நிறுத்துவது பிரேக். இதில் எது பலவீனமோ, அதுதான் வண்டியின் பலம்.

இதையெல்லாம் கணக்குப் போட்டு, தயாரித்தவர்கள் ஓர் எண்ணைக் கொடுக்கிறார்கள். வண்டியின் எடையும் பாரமும் ஆட்களும் சேர்த்து மொத்தம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற எண் அது. ஆர்.சி.யில் 'கிராஸ் வெகிக்கிள் வெயிட்' என்று இருக்கும். பக்கத்திலேயே 'அன்லேடன் வெயிட்', அதாவது காலி எடை இருக்கும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். காலி எடையில் டிரைவரும் கிளீனரும் சேர்த்தி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அதனால் அவர்கள் எடையும் நம் பாரத்தில்தான் கழியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,300 கிலோ. டிரைவர், நீங்கள், மூட்டை இறக்க ஓர் ஆள் என மூன்று பேர், 195 கிலோ. பக்கவாட்டில் உயர்த்திப் போட்ட இரும்புக் கம்பித் தடுப்பு 80 கிலோ. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, மழைக்கு மேலே போட்ட ஈரச் சாக்கு எல்லாம் 40 கிலோ. கழித்தால் 985 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை என்றால் பதின்மூன்று. "ஒன்றேகால் டன் வண்டி, பதினேழு மூட்டை ஏத்தலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் பதின்மூன்றுதான் நிற்கிறது. நடைமுறையில் அதே வண்டியில் முப்பது மூட்டை போவதைப் பாகூர் சாலையில் நான் பார்த்திருக்கிறேன். முப்பது மூட்டை என்றால் 2,250 கிலோ.

மூட்டைக் கணக்கிலும் ஒரு கள்ளம் உண்டு. இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் 22 சதவீதம் இருக்கும். களத்தில் காய்ந்து 17 சதவீதத்துக்கு வந்தால், ஒரு டன்னில் சுமார் 60 கிலோ தண்ணீர் போய்விடும். காயாத நெல்லை அவசரமாக ஏற்றுகிறவர் அந்தத் தண்ணீருக்கும் வாடகை கொடுக்கிறார், அதன் பாரத்தையும் டயர் மேல் போடுகிறார். பச்சைச் சவுக்குக் கட்டைக்கும் இதே கதை, இன்னும் அதிகமாக.

தண்ணீர் டேங்க் இன்னொன்று. வெயில் காலத்தில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆயிரம் லிட்டர் கறுப்பு டேங்கைக் குட்டி யானையில் கட்டுகிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் சரியாக ஒரு டன். டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, 2005-ல் வந்ததிலிருந்து அதன் பாரம் சுமார் முக்கால் டன்தான். அதுமட்டுமில்லை, பாதி நிரம்பிய டேங்க் முழு டேங்கை விட மோசம். திருப்பத்தில் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடி வண்டியைச் சாய்க்கும். ஐந்நூறு லிட்டர் டேங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு இரண்டு நடை போங்கள்.

பாயும் வண்டி ஏன் குறைவாகச் சுமக்கிறது?

தம்பி காட்டிய வீடியோவில் இருந்தது ஃபோர்டு எஃப்-150 ராப்டர். இந்தியாவில் விற்பனைக்கு இல்லாத வண்டி. இதன் பெயரைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. இதே எஃப்-150 வரிசையில் வேலைக்கென்று வரும் சாதாரண வண்டி, சரியான எஞ்சினும் கொக்கியும் இருந்தால் 6 டன்னுக்கு மேல் டிரெய்லர் இழுக்கும். மணலில் பாயும் ராப்டர் இழுப்பது சுமார் 3.7 டன். அதன் பாரம் ஏறத்தாழ 635 கிலோ. அமெரிக்காவில் ஓட்டுபவரையும் உட்காருபவரையும் அந்த 635-க்குள்தான் சேர்ப்பார்கள். ஓட்டுபவரைக்கூட விட்டுவிட்டு முழுவதையும் நெல்லுக்கே கொடுத்தாலும் எட்டு மூட்டை. அந்த நாட்டிலேயே நம் பணத்தில் அறுபது லட்சத்துக்கு மேல் விலை. முக்கால் டன் குட்டி யானைக்குப் பத்து மூட்டைக் கணக்கு வருகிறது.

தம்பி நம்பவில்லை. காரணம் சொன்ன பிறகுதான் யோசித்தான்.

மேட்டில் பாய்ந்து இறங்கும்போது இடுப்பு உடையாமல் இருக்க, ராப்டரின் சக்கரங்கள் ஒரு அடிக்கு மேல் மேலும் கீழும் போய்வர வேண்டும். அதற்கு நீளமான, இளகிய சுருள் வில் வைக்கிறார்கள். பாரம் சுமக்க வேண்டிய வண்டிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: அடுக்கடுக்காகப் பட்டை, அதிகம் தொங்காத பின்பக்கம். காலியாகப் போகும்போது நம் பிக்கப் தூக்கித் தூக்கிப் போடுகிறதே, அதற்குக் காரணம் அந்தப் பட்டைகள் ஒரு டன்னுக்காகக் காத்திருக்கின்றன. மெத்தை மாதிரி ஓடும் வண்டியில் மூட்டை ஏற்றினால் அது உட்கார்ந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே பண்ணைக்காரர்கள் பிக்கப்பை நம்பி இருக்கிறார்கள். அங்கே ஃபோர்டு ரேஞ்சர் சாதாரண வண்டி, பிரேக் வைத்த டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கலாம். அதே ரேஞ்சரின் ராப்டர் 2,500 கிலோதான். ஒரே தொழிற்சாலை, ஒரே முகம், ஆயிரம் கிலோ வித்தியாசம்.

நம் நாட்டில் விற்கும் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை நல்ல வண்டிகள். ஹைலக்ஸ் 2022-ல் வந்தபோது தொடக்க விலையே 34 லட்சத்தை ஒட்டி இருந்தது. நாலு கதவு, ஐந்து இருக்கை, பின்னால் ஒரு சிறிய தொட்டி. ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டால் தொட்டிக்கு என்ன மிஞ்சும் என்பதை அந்தந்த ஆர்.சி.யில் கழித்துப் பாருங்கள். அதே பணத்தில் மூன்று பொலீரோ பிக்கப் வாங்கிவிடலாம். அசோக் லேலண்டு தோஸ்த், 2011-ல் ஓசூரிலிருந்து வந்தது, முதலிலிருந்தே ஒன்றேகால் டன் பாரத்துக்கென்று செய்த வண்டி. பொலீரோ பிக்கப்பில் இப்போது 2 டன் வரைக்கும் ரகங்கள் வருகின்றன.

நாலு சக்கர இழுவையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மணப்பட்டு, பூரணாங்குப்பம் பக்கம் கடற்கரை மணலில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கும், ஐப்பசி மழையில் பாகூர் களிமண் வரப்போரம் போக வேண்டியவருக்கும் அது உதவும். ஆனால் அது வண்டியைப் புதைகுழியிலிருந்து எடுப்பதற்கு. சுமையைக் கூட்டுவதற்கு அல்ல. வருஷத்தில் எத்தனை நாள் புதைகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடலோர ஊர்களில் படகையே டிராக்டர்தான் மணலில் இழுக்கிறது.

முன்பாரம், பின்பாரம்

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. மாட்டு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா வண்டியில் மூட்டை அடுக்கி முடித்ததும் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகும். லேசாக மேலே போனால் பின்பாரம். நுகத்தடி தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் இருக்கிற மாதிரி ஒரு மூட்டையை நகர்த்திவிட்டு "ம், போலாம்" என்பார். எடைக்கல் இல்லை, எடைமேடை இல்லை.

இன்றைக்கு டிரெய்லருக்கும் அதே விதிதான். இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கி மேல் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். அதிகமானால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு லேசாகும். பிக்கப்பில் மாட்டும்போது இன்னொரு கணக்கும் இருக்கிறது: கொக்கியில் விழும் பாரம் வண்டியின் சுமையில் கழியும். 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் இருந்தால், கொக்கியில் 350 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த 350 தொட்டியில் ஏற்ற வேண்டிய நெல்லில் போய்விடும்.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோதான் எல்லை. நம் டிராக்டர் டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. கரும்பு நாலு, ஐந்து டன் போகிறது. 45 குதிரைத் திறன் டிராக்டரின் எடை இரண்டு டன் சொச்சம். முன்னால் இரண்டு டன், பின்னால் ஐந்து டன். மேட்டில் ஏறும்போது டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது. சரிவில் இறங்கும்போது டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாசி மாதம், லீவில் ஊருக்குப் போயிருந்தேன். என் பெரியண்ணன் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தார். டிரெய்லர் நிரம்பிவிட்டது. களத்தில் இன்னும் ஒரு அரை டன் கட்டுகள் கிடந்தன. அதற்காக இன்னொரு நடை போக வேண்டும். "இதையும் போட்டுடலாம்ணே, ஒரு நடை மிச்சம்" என்று சொன்னது நான்தான். படித்தவன் சொல்கிறான் என்று போட்டார். நானும் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன்.

ஏரிக்கரை ஏறியாகிவிட்டது. மறுபக்கம் இறங்குமுகம், முடிவில் வாய்க்கால் பாலம். அண்ணன் பிரேக் மிதித்தார். காலையில் சேற்றில் ஓட்டும்போது இடது, வலது பிரேக் பெடலைப் பிரித்து வைத்திருந்தார். சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட மறந்துவிட்டார். ஒரு பெடல்தான் காலில் சிக்கியது. டிராக்டர் ஒரு பக்கமாகத் திரும்ப, பின்னால் வந்த கரும்பு அதே வேகத்தில் தள்ள, டிராக்டரும் டிரெய்லரும் கத்தி மடங்குவது மாதிரி மடங்கின. நான் கரை மேல் விழுந்தேன். அண்ணன் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். வலது முழங்கால் போனது. இன்றைக்கும் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. அந்த அரை டன் கரும்பைப் பற்றி இதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதனால் டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது: சாலையில் ஏறும்முன் இரண்டு பெடலையும் பூட்டுங்கள். சரிவில் இறங்கத் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு வாருங்கள். பாதிச் சரிவில் கியர் மாற்ற கிளட்ச்சை மிதித்தால் டிரெய்லர் அதற்குள் தள்ளிவிடும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கவே கூடாது. மட்கார்டில் யாரையும் ஏற்றாதீர்கள். முருங்கப்பாக்கத்திலிருந்து வரும்போது அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தின் இறக்கம் ஒன்றும் மலைச்சரிவு இல்லைதான். ஏரிக்கரையும் மலை இல்லை.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு முன்பாரம் பின்பாரம் வேறு விதத்தில் வரும். தொட்டி எட்டு, ஒன்பது அடி. சவுக்குக் கழி இருபது அடி. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழியின் எடை பின் அச்சுக்கு அப்பால் தொங்கி, சீசா பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டீயரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி லேசாகச் சுற்றினால் சந்தோஷப்படாதீர்கள். முன் டயர் சாலையைப் பிடிக்கவில்லை என்று பொருள். பிரேக்கின் பெரும் பங்கு வேலையைச் செய்வது முன்சக்கரம்தான். கனமானதைக் கேபினை ஒட்டியும், கீழேயும் அடுக்குங்கள். வைக்கோல் கட்டு எடை குறைவு, ஆனால் உயரம் கூடினால் கடலோரக் காற்றுக்கு வண்டி பாய் விரித்த படகாகிவிடும். மாடு ஏற்றும்போது அது நின்றுகொண்டே வருகிறது, 400 கிலோ எடை, நாலு அடி உயரத்தில், நகர்ந்துகொண்டே. தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டி மெதுவாகப் போங்கள்.

அபராதம், காப்பீடு, லைசென்ஸ்

வள்ளுவர் மயிலிறகை வைத்தே சொல்லிவிட்டார். சட்டம் ரூபாயில் சொல்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல், மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகமானதை அங்கேயே இறக்கும் செலவும் நம்முடையது. எடை போட நிறுத்தச் சொல்லி நிற்காமல் போனால் 40,000. பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவை மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் தனியாக 20,000.

அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது ஆட்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைக் குட்டி யானையில் நிற்க வைத்து அழைத்துப் போகிறோம். மூட்டை மேல் நாலு பேர் உட்கார்ந்து வருகிறார்கள். சரக்கு வண்டியில் கூலியில்லாமல் ஏற்றிப்போன பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரருக்கோ அவருடைய ஆளுக்கோதான் பாதுகாப்பு. மூட்டை மேல் உட்கார்ந்து வந்த நடவுப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால், அந்த இழப்பீடு வண்டிக்காரரின் வயலிலிருந்துதான் வரும். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எப்போது வரும் என்பது வேறு விஷயம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார் ஓட்டும் இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நம் பிக்கப்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். டிராக்டர் டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், டிராக்டரின் ஆர்.சி. அதற்குப் போதாது.

நம் சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1958-லிருந்து 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லாரிகளை இரவு பகலாக ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று தெரியவந்தது. ஊராட்சித் தார்ச்சாலை மூன்று வருஷத்தில் பள்ளமாகிறது என்று மனு கொடுக்கிறோமே, அந்தப் பள்ளத்தில் பாதியை நாமே போட்டிருப்போம்.

எடைமேடைச் சீட்டு

அப்பாவுக்கும் மகனுக்கும் நான் ஒரு வேலை கொடுத்தேன். இரண்டு ஏக்கர் நெல், ஒரு ஏக்கர் வாழை, அரை ஏக்கர் சவுக்கு. போன வருஷம் எத்தனை நடை வண்டி வாடகைக்கு எடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். வாழைத்தார் ஏற்றும் நாளில் வாடகைக் குட்டி யானையை எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வாருங்கள் என்றேன்.

எடைமேடையில் மூன்று தடவை நிறுத்த வேண்டும். காலி வண்டி ஒரு தடவை. பாரத்தோடு முழு வண்டி ஒரு தடவை. பின்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு தடவை. மூன்றாவதுதான் முக்கியம். மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சில் மட்டும் அதிகமாக இருக்கலாம். சரக்கு வண்டியின் ஆர்.சி.யில் ஒவ்வொரு அச்சுக்கும் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டிலும் ஓர் எண் இருக்கும்: 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும், 95 என்றால் 690, 102 என்றால் 850. இரண்டு பின்டயரின் தாங்கும் எடையைக் கூட்டி, மூன்றாவது சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று சரியாக இருந்தால்தான் அந்த எண் செல்லும்.

பத்து நாள் கழித்து மகன் மட்டும் வந்தான். நெல்லை வியாபாரியே களத்தில் எடுத்துக்கொள்கிறார், சவுக்கை நின்ற மரமாகவே விற்கிறார்கள் என்பது எழுதிப் பார்த்தபோதுதான் அவனுக்கே உறைத்திருக்கிறது. மிச்சம் வாழையும் உரமும் தீவனமும்தான். வருஷத்துக்கு 41 நடை. சராசரி 1,200 ரூபாய் வாடகை என்றாலும் 49,200 ரூபாய். 25 லட்சம் கடன் வாங்கினால் ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணையே 52,000-க்கு மேல் போகிறது. வருஷ வாடகையை ஒரு மாதத் தவணை தின்றுவிடுகிறது.

எடைச் சீட்டைக் காட்டினான். வாழைத்தாரும் இலைக்கட்டும் ஆட்களும் சேர்த்து 1,140 கிலோ. முக்கால் டன் வண்டியில்.

"டிரைவர் அண்ணன், இன்னிக்கு கம்மியாதான் ஏத்திருக்கோம்னு சொன்னாரு சார்" என்றான்.

மனை விற்கவில்லை. இப்போது பக்கத்து நிலக்காரர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, பழைய ஒன்றேகால் டன் பிக்கப் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வீட்டு வாழையும் ஒரே நாளில் வெட்டுவது எப்படி என்பதில் பேச்சு நிற்கிறது. அது என் துறை என்பதால் கன்று நடும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். பாயும் வண்டியின் படம் இன்னும் அவன் கைப்பேசியின் முகப்பில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

வாசகர் கேள்விகளில் இரண்டு

*பிக்கப்பில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டால் அரை டன் கூட ஏற்றலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரிதானா?*

பட்டை போட்டால் வண்டி உட்காராது. அவ்வளவுதான். அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். முன்பு வண்டி உட்கார்ந்து உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விடும். அந்தக் காலத்தில் அரிக்கமேட்டுக்கு வந்த கப்பல்களுக்குக் கோடு கிடையாது. 1876-ல்தான் இங்கிலாந்தில் கப்பலின் பக்கவாட்டில் பாரக்கோடு போட வேண்டும் என்று சட்டம் வந்தது. பட்டை கூட்டுவது அந்தக் கோட்டை அழித்து இரண்டடி மேலே வரைவது மாதிரி. ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாறாது.

*டிரெய்லரில் பாரம் ஏற்றி மேடு ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தூக்குகிறது. என்ன செய்வது?*

முதலில் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பின் அச்சின் உயரத்துக்கு மேலே, டாப் லிங்க் பக்கம் சங்கிலி போட்டு இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். ஓட்டுபவர் குதிக்க நேரம் இருக்காது. தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அடுத்து, டிரெய்லரின் முன்பக்கத்தில் குவிந்திருக்கும் பாரத்தைச் சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் நகர்த்துங்கள். முன்பக்கம் மாட்டும் இரும்பு எடைகளைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் தூக்கினால், பாரத்தை இறக்கி இரண்டு நடையாகப் போங்கள்.